போலியோ வந்த காலுக்கு உடற்பயிற்சி எவ்வளவு செய்யலாம்?

கோத்தகிரி மகள்:
அப்பாவுக்கு 61 வயது. இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. தொடையில் கையை ஊன்றி நடப்பார், அப்படியே தேயிலைத் தோட்டத்து மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொஞ்ச நாளாக நல்ல கால் என்று நினைத்திருந்த வலது காலிலும் பலம் குறைகிறது, மத்தியானம் ஆனால் சோர்ந்து படுத்துவிடுகிறார். பயிற்சி போதவில்லை என்று சித்தப்பா சொன்னதால் விடியற்காலைப் பனியில் ரோடு வரைக்கும் படி ஏறி இறங்குகிறார், மறுநாள் எழுந்திருக்கவே முடிவதில்லை. நிறுத்தச் சொல்லலாமா? நிறுத்தினால் இருக்கிற பலமும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

குன்னூர் பிசியோ:
படி ஏறுவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள் சகோதரி. போலியோ வைரஸ் தண்டுவடத்தில் தசையை இயக்கும் நரம்பு செல்களைத்தான் அழிக்கிறது. பிழைத்த செல்கள் புதுக் கிளை விட்டு, அனாதையான தசை நார்களையும் சேர்த்து இயக்கத் தொடங்கும். இப்படிப் பல மடங்கு வேலையைப் பல வருடம் செய்து அந்தச் செல்கள் களைத்துப்போவதால்தான் முப்பது நாற்பது வருடம் கழித்துக்கூடப் புதிதாகப் பலவீனம் வருகிறது என்று கருதுகிறார்கள். இதற்குப் போஸ்ட் போலியோ சிண்ட்ரோம் என்று பெயர், வைரஸ் திரும்பி வந்ததல்ல. நல்ல கால் என்று நாம் சொல்வதும் பல பேருக்கு அன்றைக்கே கொஞ்சம் அடி வாங்கிய கால்தான்.

ஆனால் உடனே அதுதான் என்று முடிவு கட்ட வேண்டாம். தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு, சர்க்கரை, முதுகெலும்புப் பிரச்சனை எல்லாம் இதே மாதிரி காட்டும், முதலில் அவற்றைப் பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு தசையையும் தனித்தனியாகச் சோதித்துத்தான் பயிற்சி தர வேண்டும். காலின் எடையையே தூக்க முடியாத தசைக்கு எடை கட்டிப் பயிற்சி கொடுப்பது வீண், கெடுதலும்கூட.

பூம்பாறை அண்ணன்:
தங்கச்சி, எனக்கும் போலியோதான். குளிரில் அந்தக் கால் நீலமாகி விறைத்துவிடும், அப்போது பலமும் குறையும். அதனால் வெயில் வந்த பிறகு, வெந்நீர் ஊற்றிக் கம்பளிச் சாக்ஸ் போட்டு, உட்கார்ந்தபடிதான் பயிற்சி செய்கிறேன். முழங்காலை நீட்டி சில நொடி நிறுத்துவேன், அதைவிட இரண்டு மடங்கு நேரம் ஓய்வு, ஒருநாள் விட்டு ஒருநாள். களைப்பு வருவதற்கு முன்பே நிறுத்திவிடுவேன். மறுநாள் காலையில் கால் முன்பு போலவே இருந்தால் அந்த அளவு சரி, கனத்தால் பாதியாகக் குறைப்பேன். இறக்கம்தான் ஏற்றத்தைவிட ஆபத்து, முழங்கால் மடங்கிவிடும். அப்பாவை வலது கையில் கம்பு பிடிக்கச் சொல்லுங்கள்.

கோத்தகிரி மகள்:
ரொம்ப நன்றி அண்ணா. குதிகால் தரையில் படாது அவருக்கு, அதை இழுத்து நீட்டிவிடலாமா?

குன்னூர் பிசியோ:
நேரில் பார்க்காமல் இழுக்காதீர்கள். தொடைத்தசை பலமில்லாதவருக்குக் கணுக்காலின் அந்த லேசான இறுக்கம்தான் நிற்கும்போது முழங்கால் மடங்காமல் தாங்கிப் பிடிக்கும், அதைத் தளர்த்தினால் நடப்பவர் விழத் தொடங்குவார். காலிப்பர், அதாவது காலைத் தாங்கிப் பிடிக்கும் சட்டம், வேண்டுமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோவையில் மறுவாழ்வு மருத்துவரிடம் காட்டுங்கள், வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்கென்றே துறை இருக்கிறது. உங்கள் பயமும் நியாயம்தான், அடியோடு விட்டாலும் தசை இன்னும் மெலியும். அதனால் அதுவரை தட்டையான இடத்தில் இரண்டு மூன்று நிமிடம் நடை, ஒரு நிமிடம் உட்காருதல், மறுபடி நடை, இவ்வளவு போதும்.