மறு: அன்னாசிக் கலைச்சொற்கள் – ‘மேல்கன்று’ வேண்டாம், ‘காம்புக்கன்று’ என்போம்

குழுவினருக்கு வணக்கம்.

உலக அன்னாசி ரகங்களைத் தமிழில் எழுத நாம் போடும் பட்டியல், அதற்கான கலைச்சொற்கள் பற்றி நடந்த பேச்சை இன்று காலைதான் முழுவதும் படித்தேன். க்யூ, குயின், மொரீசியஸ், எம்டி-2 போன்ற ரகப் பெயர்களைத் தமிழாக்காமல் அப்படியே எழுதலாம் என்று கோபி அண்ணா சொன்னது சரி. ஊர்ப் பெயரையும் ஆட்பெயரையும் யாரும் மொழிபெயர்ப்பதில்லை. எனக்கு உறுத்துவது வேறொரு சொல்.

> சத்தி அக்கா எழுதியது:
> பழத்துக்குக் கீழே காம்பில் முளைக்கும் கன்றை ஆங்கிலத்தில் ‘ஸ்லிப்’ என்கிறார்கள். நம் கையேடுகளில் ‘மேல்கன்று’ என்று இருக்கிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வேண்டாங்க அக்கா. அந்தச் சொல்லால் நானே ஒரு முறை நட்டப்பட்டிருக்கிறேன்.

ஆனைமலைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் ஊடுபயிராக அன்னாசி வைக்க நினைத்தபோது, கையேட்டைப் பார்த்து ‘மேல்கன்று, 300 முதல் 350 கிராம்’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்து ஆள் அனுப்பினேன். வந்த மூட்டைகளில் பாதிக்கு மேல் கொண்டை. பழத்தின் தலையில் இருக்குமே, அதுதான். போன் போட்டுக் கேட்டால், “மேல இருக்கறதுதானுங்களே மேல்கன்னு?” என்றார் விற்றவர். அவர் சொன்னதில் என்ன தப்பு? செடியிலேயே ஆக மேலே இருப்பது கொண்டைதான். தப்பு சொல்லில் இருக்கிறது.

இதில் போனது பெயர் மட்டும் என்றால் விட்டுவிடலாம். அடியிலிருந்து வரும் பக்கக்கன்றும் காம்பில் வரும் கன்றும் நட்டு ஏறக்குறைய ஒரு வருடத்தில் பூவுக்கு வந்துவிடும். கொண்டையை நட்டால் காய்க்க 19, 20 மாதம் ஆகும். ஒரே பாத்தியில் இரண்டும் கலந்து நின்றால் என்ன செய்வது? அன்னாசியில் எல்லாச் செடியும் ஒன்றாகப் பூக்க வேண்டும் என்றுதான், சுமார் 40 இலை வந்ததும் பூக்கத் தூண்டும் எத்திபான் மருந்துக் கரைசலைக் குருத்தில் ஊற்றுகிறோம். என் தோப்பில் ஒரு செடிக்கு 40 இலை, பக்கத்துச் செடிக்கு 22. அந்த வருடம் மருந்தை மூன்று தவணையாக ஊற்றினேன், அறுவடையும் மூன்று தவணையாகத்தான் ஆனது. கன்று எந்த இடத்தில் முளைத்தது என்பதைப் பெயரே சொல்லிவிட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

அப்புறம் ஒரு நாள் கொல்லிமலைக்குப் போயிருந்தபோது, சோளக்காடு பக்கம் ஒரு பெரியவரிடம் கன்று கேட்டேன். அவருக்கு எல்லாமே ‘கன்னு’தான். ஆனால் கேட்ட உடனே கொடுக்கவில்லை. “கொண்டையிலதுங்களா, காம்பிலதுங்களா, அடியிலதுங்களா?” என்று திருப்பிக் கேட்டார். நாம் இரண்டு நாளாகத் தேடும் சொல் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. காம்பிலது காம்புக்கன்று. அவ்வளவுதான்.

ஆசிரியர் ஐயா ‘மஞ்சரித்தண்டுக் கன்று’ என்று முன்மொழிந்திருக்கிறார். மஞ்சரி என்றால் பூங்கொத்து. தாவரவியல்படி அது மிகச் சரி, மறுக்கவில்லை. ஐயாவின் கவலை, காம்பு என்றால் இலைக்காம்பையும் குறிக்குமே என்பது. ஆனால் அன்னாசி இலைக்குக் காம்பே கிடையாது; தாழை மாதிரி அடிமட்டை நேராகத் தண்டைத் தழுவிக்கொண்டிருக்கும். எனவே அன்னாசியில் காம்பு என்றால் பழத்தைத் தாங்கும் அந்த ஒன்றுதான், குழப்பம் வராது. வெயிலில் நின்றுகொண்டு கூலியாளிடம் சொல்லிப் பார்த்தாலும் நாக்கு இடறாத சொல்.

‘நழுவல்’ என்று ஒருவர் எழுதியிருந்ததையும் பார்த்தேன். அது ஆங்கிலச் சொல்லின் இன்னொரு பொருளைப் பிடித்துக்கொண்டது. தோட்டக்காரர்கள் சொல்லும் ‘ஸ்லிப்’ செடியிலிருந்து எடுத்து நடும் துண்டு. அதற்கும் நழுவுவதற்கும் சம்பந்தமில்லை.

மற்ற ஊர்க்காரர்கள் எப்படிப் பெயர் வைத்தார்கள் என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். பிரேசிலில் பெரோலா என்ற ரகம் பரவலாக விளைகிறது. வெள்ளைச் சதை, கூம்பு வடிவம். பழத்தைச் சுற்றி அடியில் இந்தக் கன்றுகள் நிறைய முளைக்கும். அங்கே முக்கிய நடவுப்பொருளே அதுதான். அதற்கு அவர்கள் போர்த்துக்கீசிய மொழியில் வைத்த பெயர் ‘ஃபிலியோச்சி’. குட்டி, குஞ்சு என்று பொருள். பழத்தை ஒட்டிக்கொண்டு வளைந்து நிற்கும் அதைப் பார்த்தால் பெயர் பொருந்துவது தெரியும். நம் பக்கம் கேரளத்தில் அன்னாசி ‘கைதச்சக்க’. கைதை என்றால் தாழை, சக்கை என்றால் பலா. இலை தாழை போல, பழம் பலா போல. வாளையாறு தாண்டினால் கண்ணால் பார்த்து வைத்த பெயர்; இந்தப் பக்கம் தென்னமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்த ‘அனனாஸ்’ அன்னாசியாக நிலைத்துவிட்டது. அதை மாற்றச் சொல்லவில்லை. புதிதாக வைக்கும் பெயரையாவது கண்ணால் பார்த்து வைப்போம்.

ரகப் பட்டியலுக்கே இந்தச் சொல் தேவைப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். இலையில் முள் உண்டா, பழத்தோலில் உள்ள கண் ஆழமா மேலாகவா, சதை என்ன நிறம் என்று பார்ப்பது போலவே, காம்புக்கன்று எத்தனை விடுகிறது என்பதும் ரகத்தின் அடையாளம். நம்மிடம் உள்ள க்யூ, ஸ்மூத் கேயன் வகையைச் சேர்ந்தது. இலை நுனியில்தான் முள், கண் மேலாக இருக்கும், பெரிய பழம், டப்பாவில் அடைக்க ஏற்றது. கேரளத்து வாழக்குளத்தில் விளையும் மொரீசியஸ், குயின் வகையைச் சேர்ந்தது. இலை ஓரமெல்லாம் முள், சிறிய பழம், பொன்மஞ்சள் சதை, வாசம் தூக்கும். வாழக்குளம் அன்னாசிக்கு 2009இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரே ரகச் செடிகள் மட்டும் நிற்கும் தோட்டத்தில் விதை பிடிக்காது, தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. அதனால் ரகம் கைமாறுவதெல்லாம் கன்று வழியாகத்தான். கன்றுக்குச் சரியான பெயர் இல்லாமல் ரகங்களைப் பற்றி எப்படி எழுதுவது?

மற்ற சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘மகுடம்’ வேண்டாம், கொண்டை போதும். கோழிக்கும் அதைத்தானே சொல்கிறோம். அடியிலிருந்து வருவது பக்கக்கன்று, ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. பழம் வெட்டிய பின் அதே தூரில் எடுக்கும் அடுத்த விளைச்சலுக்குக் கரும்புக்காரர்களின் மறுதாம்பு.

ஒன்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. காம்பும் தண்டும் சேரும் மூட்டில் ஒரு கன்று வரும். காம்புக்கன்றும் இல்லை, பக்கக்கன்றும் இல்லை. ஹவாய்த் தோட்டங்களில் அதை ‘ஹாபா’ என்றார்கள், பாதி என்ற பொருளில். ‘இடைக்கன்று’ என்று குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் இடுப்பில் வருவது என்று யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்று யோசனை. ‘மூட்டுக்கன்று’ நன்றாக இருக்குமா? நம் குழுவின் சேந்தமங்கலத்து ஐயா அடுத்த முறை கொல்லிமலைக்குப் போகும்போது அந்தக் கன்றைக் கையில் எடுத்துக் காட்டி, இதை எப்படிச் சொல்வீர்கள் என்று நாலு பேரிடம் கேட்டு எழுதினால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ஆனைமலையிலிருந்து