சி-கெர்மிட் புதுப் பதிப்பு: கோப்பு அனுப்பினால் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது, பெறுவதில் சிக்கல் இல்லை

கம்பிச்சுருள்

வணக்கம். மூன்று நாளாக மண்டை காய்கிறது, யாராவது கொஞ்சம் பாருங்கள்.

என்னிடம் ஒரு பழைய அளவீட்டுக் கருவி இருக்கிறது. நெட்வொர்க் கிடையாது, யூஎஸ்பி கிடையாது, பின்புறம் ஒரே ஒரு சீரியல் போர்ட். அதற்குள் ஏதோ ஒரு ஆதிகாலத்துக் கெர்மிட் (சீரியல் லைன் வழியாகக் கோப்பு அனுப்பிப் பெறும் நிரல்) இருக்கிறது. அளவுத்திருத்தக் கோப்பை லினக்ஸ் லேப்டாப்பிலிருந்து இதற்கு அனுப்ப வேண்டும். இத்தனை வருடம் சி-கெர்மிட் 8.0 வைத்து அனுப்பிக்கொண்டிருந்தேன், ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை.

பழைய லேப்டாப் போய்விட்டது. புதியதில் 10.0 பீட்டாவைப் போட்டேன். ஹோம் ஃபோல்டரை பேக்கப்பிலிருந்து அப்படியே எடுத்து வைத்தேன். 9600 வேகத்தில் கனெக்ட் ஆகிறது, கருவியின் மெனு திரையில் வருகிறது, அங்கிருந்து கோப்பை எடுத்தால் முழுசாக வருகிறது. ஆனால் நான் அனுப்பினால் 2,436 பைட்டில் நின்றுவிடுகிறது. கோப்பின் மொத்த அளவு 48,212. நின்றதும் டைம்அவுட் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. ரத்து செய்துவிட்டு மறுபடி கனெக்ட் செய்தால் கருவி செத்த மாதிரி இருக்கிறது, எந்த விசைக்கும் பதில் இல்லை. ஒவ்வொரு முறையும் கருவியை ஆஃப் செய்து ஆன் செய்ய வேண்டியிருக்கிறது.

புதுப் பதிப்பில் பிழையா? 8.0-க்கே திரும்பிப் போகலாமா என்று யோசிக்கிறேன்.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். மெனுவைச் சுற்றிக் கோடு போட்ட கட்டம் வர வேண்டிய இடத்தில் எல், க்யூ க்யூ க்யூ, கே என்று ஆங்கில எழுத்துகள் வருகின்றன. இதுவும் முன்பு இல்லை.

நுனிப்புல்

யூஎஸ்பி-சீரியல் மாற்றியை முதலில் சந்தேகப்படுங்கள். மலிவான மாற்றிகளில் நீளமாக அனுப்பும்போது பைட் தொலைவது சகஜம். வேகத்தை 2400-க்கு இறக்கிப் பாருங்கள். அப்புறம் உங்கள் பயனர் கணக்கு, சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் இருக்கிறதா? கேரியர்-வாட்ச் (மோடத்தின் கேரியர் சிக்னலை எதிர்பார்க்கும் அமைப்பு) ஆஃப் செய்திருக்கிறீர்களா?

கம்பிச்சுருள்

குழுவில் இருக்கிறேன், இல்லாவிட்டால் போர்ட்டே திறக்காதே. கேரியர்-வாட்ச் ஆஃப்தான். 2400-இலும் முயன்றேன். அதே 2,436. வேறு மாற்றி ஒன்று கடன் வாங்கியும் பார்த்தேன். அதே 2,436.

இடைவெளி

டெக்ஸ்ட் மோடில் போகிறதோ? 7.0-இலிருந்து கோப்பு டெக்ஸ்டா பைனரியா என்று சி-கெர்மிட் தானே முடிவெடுக்கும். செட் ட்ரான்ஸ்ஃபர் மோட் மேனுவல், செட் ஃபைல் டைப் பைனரி, இந்த இரண்டையும் கொடுத்துவிட்டு அனுப்புங்கள்.

பழைய மோடம்

இடைவெளி சொன்னதைச் செய்து வையுங்கள், நல்லதுதான். ஆனால் காரணம் அதுவாக இருக்காது. டெக்ஸ்ட் மோடில் போனால் கோப்பு கடைசி வரை போய்ச் சேரும், ஆனால் வரி முடிவுகள் மாறிக் கெட்டுப்போய்ச் சேரும். நடுவழியில் நிற்காது.

9600-இலும் 2400-இலும், இரண்டு மாற்றிகளிலும் ஒரே 2,436 என்றால் லைனில் இரைச்சல் இல்லை. இரைச்சலுக்கு நினைவாற்றல் கிடையாது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் கடிக்கும். கோப்புக்குள் அந்த இடத்தில் இருக்கும் ஏதோ ஒரு பைட்தான் வில்லன்.

நான்கு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

கெர்மிட் ப்ராம்ப்டில் ஷோ கன்ட்ரோல் என்று அடியுங்கள். ஒவ்வொரு கட்டுப்பாட்டு எழுத்துக்கும் (அச்சாகாமல் கட்டளையாக நிற்கும் எழுத்து) பக்கத்தில் 0 அல்லது 1 வரும். 1 என்றால் முன்னொட்டு போட்டு அனுப்புகிறது, 0 என்றால் பச்சையாக அனுப்புகிறது. 17-க்கும் 19-க்கும் என்ன இருக்கிறது?

கோப்பை ஹெக்ஸ் டம்ப் (ஒவ்வொரு பைட்டையும் பதினாறடிமான எண்ணாகக் காட்டும் பட்டியல்) எடுத்து, 2,436-க்கு அடுத்த நூறு பைட்டில் 19 இருக்கிறதா பாருங்கள். ஹெக்ஸில் அது 13.

ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் கெர்மார்சி கோப்பு (கெர்மிட் தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பு) இருந்தால் அதில் உள்ளதை இங்கே எழுதுங்கள்.

கடைசியாக, அடுத்த முறை நின்றதும் கருவியை ஆஃப் செய்யாதீர்கள். ரத்து செய்து, கனெக்ட் கொடுத்து, கன்ட்ரோல்-க்யூ ஒரே ஒரு முறை அழுத்துங்கள்.

கம்பிச்சுருள்

நீங்கள் ஜோசியரா சார்?

கன்ட்ரோல்-க்யூ அழுத்தியதும் செத்துக்கிடந்த கருவி படபடவென்று கொட்டித் தீர்த்துவிட்டது. திரையில் # குறி, @ குறி, என், எஸ். மறுபடி # @ என் எஸ். ஒரு ஏழெட்டு தடவை அதையே சொல்லிவிட்டு, கடைசியில் கருவியின் ப்ராம்ப்ட் சாதுவாக வந்து நின்றது.

ஹெக்ஸ் டம்பில் 2,471-ஆவது பைட் 19. கோப்பில் அதற்கு முன்னால் வேறு எங்கும் 19 இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

ஷோ கன்ட்ரோலில் 17, 19 மட்டுமில்லை, ஏறக்குறைய எல்லாமே 0.

கெர்மார்சியில் போர்ட், வேகம் தவிர இரண்டு வரிகள்: செட் ஃப்ளோ-கன்ட்ரோல் ஆர்டிஎஸ்-சிடிஎஸ். செட் கன்ட்ரோல்-கேரக்டர் அன்ப்ரிஃபிக்ஸ்டு ஆல். இவற்றுக்கு மேலே 'வேகத்துக்காக' என்று ஒரு குறிப்பு. எழுதியது நானேதான், எப்போது என்று நினைவில்லை.

ஆனால் இந்தக் கோப்பு பழைய லேப்டாப்பிலும் இருந்ததே? அங்கே ஏன் சிக்கல் வரவில்லை?

பழைய மோடம்

கடைசிக் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

கெர்மிட் 1981-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பெரிய கணினிக்கும் சின்னக் கணினிக்கும் இடையே கோப்பு கொண்டுபோவதுதான் வேலை. நடுவில் இருந்த டெர்மினல் லைன்கள் அச்சாகும் எழுத்துகளை ஒழுங்காகக் கடத்தும். கட்டுப்பாட்டு எழுத்துகளைக் கண்டால் சில விழுங்கும், சில அவற்றைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். அதனால் கெர்மிட் அவற்றுக்கு மாறுவேடம், அதாவது முன்னொட்டு, போட்டது. 19 என்ற பைட்டை அனுப்ப வேண்டுமானால் # குறியும், 19-உடன் 64 கூட்டிய 83-ம், அதாவது எஸ் எழுத்தும் போகும். மறுமுனை வேடத்தைக் கலைத்து 19 ஆக்கிக்கொள்ளும். ஒரு பைட்டுக்கு இரண்டு பைட் செலவு, ஆனால் எந்தக் குப்பை லைனிலும் ஊர்ந்து போய்ச் சேரும்.

இந்தச் செலவு பொறுக்காதவர்களுக்குத்தான் அன்ப்ரிஃபிக்ஸ்டு. லைன் சுத்தமாக இருந்தால் வேடம் வேண்டாம், பச்சையாகவே போ என்பது. 7.0 முதல் இயல்பு அமைப்பே வேகத்தின் பக்கம் சாய்ந்ததுதான், ஆனால் அதுகூட ஆபத்தானவற்றுக்கு வேடத்தை விட்டுவைக்கும். நீங்கள் 'ஆல்' என்று சொல்லி மொத்தத்தையும் கழற்றிவிட்டீர்கள்.

19 என்பது கன்ட்ரோல்-எஸ், எக்ஸ்ஆஃப். 'போதும், பேசாதே' என்று பொருள். 17 கன்ட்ரோல்-க்யூ, எக்ஸ்ஆன், 'இப்போது பேசு'. உங்கள் கருவியின் சீரியல் போர்ட் இந்த முறையில்தான் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. பாக்கெட்டுக்கு (கெர்மிட் கோப்பை வெட்டி அனுப்பும் துண்டு) நடுவே பச்சையாக ஒரு 19 வந்ததும் அது தரவு என்று கருவிக்குத் தெரியாது. போர்ட் அதை எடுத்து வைத்துக்கொண்டு வாயை மூடிவிட்டது. இதில் சேதம் இரண்டு. பாக்கெட்டில் ஒரு பைட் குறைந்ததால் சரிபார்ப்புத் தொகை பொருந்தாது. 'திரும்ப அனுப்பு' என்று கேட்கலாம் என்றால் கருவியால் பேச முடியாது. நீங்கள் பார்த்த # @ என் எஸ் அந்தக் கோரிக்கைதான். # என்றால் நீளம் 3, @ என்றால் 32-ஆவது பாக்கெட், என் என்றால் நாக், அதாவது 'சரியாக வரவில்லை' என்ற மறுப்பு, எஸ் சரிபார்ப்பு எழுத்து. அத்தனை நேரமும் '32-ஐத் திரும்ப அனுப்பு' என்று உள்ளுக்குள்ளேயே கத்திக்கொண்டிருந்திருக்கிறது. நீங்கள் கன்ட்ரோல்-க்யூ அடித்ததும் சேர்த்து வைத்ததைக் கொட்டியது.

கணக்கும் ஒத்துப்போகிறது. பழைய கெர்மிட்டில் பாக்கெட் நீளம் 94-ஐத் தாண்டாது. 2,436 வரை ஒப்புதல் வந்துவிட்டது, 2,471 அடுத்த பாக்கெட்டுக்குள் இருக்கிறது.

பெறும்போது சிக்கல் வராததற்கும் இதே காரணம்தான். வேடம் போடுவதும் விடுவதும் அனுப்புகிறவர் பொறுப்பு. கருவி அனுப்பும்போது எல்லாவற்றுக்கும் வேடம் போடுகிறது, உங்கள் பக்கத்திலிருந்து வெறும் ஒப்புதல் பாக்கெட்டுகள்தான் போகின்றன, அவற்றில் 19 வராது.

தீர்வு: அன்ப்ரிஃபிக்ஸ்டு வரியைத் தூக்குங்கள். ஃப்ளோ-கன்ட்ரோலை எக்ஸ்ஆன்-எக்ஸ்ஆஃப் என்று மாற்றுங்கள், கருவி அதைத்தான் பேசுகிறது. அப்படி வைத்தால் 17, 19 மட்டுமல்ல, எட்டாவது பிட் சேர்ந்த 145, 147-க்கும் கெர்மிட் தானே வேடம் போட்டுவிடும். அப்போதும் நின்றால் செட் ப்ரிஃபிக்ஸிங் ஆல். அதிலும் நின்றால் ரோபஸ்ட் என்று ஒரே சொல், குட்டிப் பாக்கெட், ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாவற்றுக்கும் வேடம். ஆமை வேகம்தான், ஆனால் அதுவும் போகவில்லை என்றால் வயரைப் பாருங்கள்.

இப்போது உங்கள் கேள்வி. பழைய லேப்டாப்பில் கெர்மிட்டை எப்படித் தொடங்குவீர்கள்? நேராகவா, ஸ்கிரிப்ட் வழியாகவா?

கம்பிச்சுருள்

சிக்கிவிட்டது. ஸ்கிரிப்ட் வழியாகத்தான். பேக்கப்பில் தேடி எடுத்தேன். அதில் கெர்மிட்டை மைனஸ் பெரிய ஒய் போட்டுத்தான் அழைத்திருக்கிறேன்.

பழைய மோடம்

அதுதான். பெரிய ஒய் என்றால் 'கெர்மார்சியைப் படிக்காதே'. இத்தனை வருடமும் அந்த வரிகள் தூங்கிக்கொண்டிருந்தன. புது லேப்டாப்பில் நேராகக் கெர்மிட் என்று அடித்தீர்கள், எழுந்துவிட்டன. புதுப் பதிப்பு பாவம், அதன் மேல் பழி வேண்டாம். 8.0-க்குத் திரும்பினாலும் இதே இடத்தில்தான் நின்றிருக்கும்.

நுனிப்புல்

என் மாற்றிச் சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று இடிக்கிறது. இவர் பக்கம் ஆர்டிஎஸ்-சிடிஎஸ் (தனி வயர்கள் வழியாக அனுமதி கேட்டுப் பெறும் முறை), கருவிப் பக்கம் எக்ஸ்ஆன்-எக்ஸ்ஆஃப். கருவி சிடிஎஸ் கொடுக்காவிட்டால் ஒரு பைட்கூடப் போயிருக்கக் கூடாதே?

கம்பிச்சுருள்

எனக்கும் அதே கேள்வி வந்தது. கேபிளின் மூடியைத் திறந்து பார்த்தேன். நீளமாகப் போவது மூன்றே வயர்: அனுப்ப, பெற, தரை. லேப்டாப் பக்கத்து ஒன்பது முள் இணைப்பானில் 7-ஐயும் 8-ஐயும் ஒரு துண்டு வயரால் இணைத்து ஈயம் வைத்திருக்கிறார்கள். 1, 4, 6 மூன்றும் ஒன்றாக முடிச்சு.

பழைய மோடம்

7 ஆர்டிஎஸ், 8 சிடிஎஸ். லேப்டாப் 'அனுப்பலாமா' என்று கேட்கும், அந்தக் கேள்வியே திரும்பி வந்து 'அனுப்பு' என்று பதிலாகும். தன்னிடமே அனுமதி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மூன்று வயர் கேபிளில் இது வழக்கமான வேலைதான், தப்பில்லை. ஆனால் அந்தக் கேபிளில் ஆர்டிஎஸ்-சிடிஎஸ் என்று வைப்பதில் அர்த்தம் இல்லை.

இடைவெளி

ஸீமோடம் என்ற வேறு கோப்புப் பரிமாற்ற முறையைப் போட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே? 1986-லேயே வந்துவிட்டதே.

பழைய மோடம்

மறுமுனையிலும் ஸீமோடம் இருக்க வேண்டுமே. அவர் கருவியில் இருப்பது கெர்மிட் மட்டும். மற்றபடி ஸீமோடமும் எக்ஸ்ஆன், எக்ஸ்ஆஃபுக்கு வேடம் போட்டுத்தான் அனுப்புகிறது.

கம்பிச்சுருள்

போய்விட்டது! முழு 48,212 பைட், 9600-இல் 1 நிமிடம் 40 விநாடி. எக்ஸ்ஆன்-எக்ஸ்ஆஃப் மாற்றி, அந்த வரியை அழித்ததே போதுமாயிருந்தது. ரோபஸ்ட் வரை போகவில்லை. கருவியிலிருந்து கோப்பைத் திரும்ப இழுத்து மூலத்தோடு ஒப்பிட்டேன், ஒரு பைட்கூட வித்தியாசமில்லை. ரொம்ப நன்றி சார். சந்தேகத்துக்கு 0 முதல் 255 வரை எல்லா பைட்டும் உள்ள 256 பைட் கோப்பு ஒன்றைச் செய்து அதையும் அனுப்பிப் பார்த்தேன், போய்ச் சேர்ந்தது.

அந்தக் கட்டம் விஷயம் மட்டும் பாக்கி. 10.0-இல் விடி100 எமுலேஷனில், அதாவது அந்தப் பழைய டெர்மினல் திரையைப் போல நடிப்பதில், ஏதாவது மாறியிருக்கிறதா?

பழைய மோடம்

256 பைட் கோப்பு அருமையான சோதனை, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டம்: யூனிக்ஸில் சி-கெர்மிட் டெர்மினல் எமுலேட்டரே கிடையாது. கருவி அனுப்புவதை அப்படியே உங்கள் ஜன்னலுக்குக் கொடுக்கும், வரைவது ஜன்னலின் வேலை. சொந்தமாக விடி வகைத் திரை காட்டுவது விண்டோஸுக்கான கெர்மிட் 95. விடி100-இல் கோட்டு எழுத்துத் தொகுப்புக்கு மாறியதும் எல் மேல் இடது மூலை, க்யூ கிடைக்கோடு, கே மேல் வலது மூலை. மாறச் சொன்னதை ஜன்னல் கண்டுகொள்ளாவிட்டால் எழுத்தாகவே நிற்கும். எந்த ஜன்னலில் பார்க்கிறீர்கள்?

கம்பிச்சுருள்

லேப்டாப்பைக் கருவிப் பக்கத்தில் வைத்துவிட்டு, என் மேசைக் கணினியிலிருந்து புட்டி (PuTTY) என்ற டெர்மினல் நிரல் வழியாக அதற்குள் நுழைகிறேன். முன்பு லேப்டாப் முன்னாலேயே உட்கார்ந்துதான் பார்ப்பேன்.

நுனிப்புல்

இது எனக்குத் தெரியும். புட்டியில் யூடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் விடி100 கோட்டு வரைவை இயல்பாக அணைத்து வைத்திருக்கும். அமைப்புகளில் விண்டோ, ட்ரான்ஸ்லேஷன் பக்கத்துக்குப் போங்கள். யூடிஎஃப்-8 மோடிலும் விடி100 லைன் டிராயிங் வேண்டும் என்று ஒரு பெட்டி இருக்கும், டிக் செய்யுங்கள். செஷனைச் சேமிக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை திறக்கும்போது பழையபடி ஆகிவிடும்.

கம்பிச்சுருள்

டிக் செய்தேன், கட்டம் வந்துவிட்டது. சேமிக்க மறந்து ஒரு முறை மூடிவிட்டு, திரும்பவும் டிக் செய்து சேமித்தேன். ஸ்கிரிப்டிலிருந்து பெரிய ஒய்யை எடுத்துவிட்டேன், திருத்திய கெர்மார்சியே இனி ஓடும்.