கலைச்சொல் தேவை: பின்னூட்டப் பகுதியில் 'ஸ்பேம்' (வெள்ளி இரவு கெடு)

இரா. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

வலைப்பதிவு மென்பொருளின் தமிழாக்கத்தில் பின்னூட்ட மேலாண்மைத் திரை மட்டும் பாக்கி. வெள்ளி இரவு சரங்களை (திரையில் தோன்றும் சொற்றொடர்களை) பூட்டிவிடுவார்கள். அதன்பின் அடுத்த வெளியீடு வரை கைவைக்க முடியாது. நான் நிற்பது ஒரே சொல்லில்: ஸ்பேம்.

திரையின் மேலே வரிசை இப்படி: அனைத்தும், காத்திருப்பில், ஏற்றவை, ஸ்பேம், குப்பைத்தொட்டி. ஒவ்வொரு பின்னூட்டத்தின் கீழும் 'ஸ்பேம்' என்று ஒரு சுட்டி. தவறாகப் பிடிபட்டதை மீட்க 'ஸ்பேம் இல்லை' என்று இன்னொன்று. முன்பு செய்தவர்கள் ஓரிடத்தில் 'எரிதம்', ஓரிடத்தில் 'குப்பை', ஓரிடத்தில் 'வேண்டாதவை' என்று விட்டுப் போயிருக்கிறார்கள். 'குப்பை' ஒத்துவராது. பக்கத்திலேயே தொட்டி இருக்கிறது, அதற்கு வேலை வேறு. தொட்டியில் போட்டால் வெறும் அழிப்பு. ஸ்பேம் என்று குறித்தால் வடிகட்டி அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்.

சின்னச் சொல்லாக இருக்கட்டும். கைபேசியில் நீளமானவை மடங்கிவிடுகின்றன.

செ. எழுதியது:

ஸ்பேம் என்றே விடுங்கள். 'ஸ்பேமில் போய்விட்டது, எடுத்துவிடுங்கள்' என்றுதான் எல்லோரும் பேசுகிறோம். ஆங்கிலத்திலேயே அது பொருளோடு ஒட்டாத சொல். 1937-இல் டின்னில் அடைத்த இறைச்சிக்கு வைத்த வணிகப்பெயர். 1970-இல் மான்டி பைத்தான் குழு ஒரு தொலைக்காட்சி நகைச்சுவையில் அதையே கத்திக் கத்தி மற்றவர் பேச்சை மூழ்கடித்தது. கணினிக்காரர்கள் அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். அவர்களே வேர் பார்க்காதபோது நாம் ஏன் தோண்ட வேண்டும்?

ந. எழுதியது:

தம்பி செ. சொன்ன கதை சுவையானது. ஆனால் அவர்களிடம் இறைச்சி டின்தான் இருந்தது. நம்மிடம் சொல் இருக்கிறது.

பதடி.

'பயனில்சொல் பாராட்டு வானை மகன்எனல் மக்கட் பதடி யெனல்' (குறள் 196). பயனற்ற சொல்லைப் பேசிக்கொண்டே இருப்பவனை வள்ளுவர் வைத்த இடம் அது: மக்களில் பதர். பின்னூட்டப் பெட்டியில் வந்து விழுவது பயனில்சொல் அல்லாமல் வேறென்ன? குறுந்தொகை 323-இல் 'எல்லாம் எவனோ பதடி வைகல்' என்கிறான் தலைவன். காதலியின் தோளில் துயின்ற நாள்களே வாழும் நாள்கள். மற்றவை பதர் நாள்கள். பாடியவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை, அந்தத் தொடராலேயே பதடி வைகலார் என்கிறோம். ஒரு சொல்லே ஒருவருக்குப் பெயராக நின்றுவிட்டது. அப்படிப்பட்ட சொல்லை ஒரு பொத்தானில் வைக்க நமக்கு என்ன தயக்கம்?

நான்கெழுத்துகூட இல்லை. இரா. கேட்ட அளவுக்குள் அடங்கும்.

ம. எழுதியது:

ந. ஐயாவுக்கு வணக்கம். குறுந்தொகையைப் படித்துக்கொண்டே இருந்துவிட்டேன், சொல்லவந்தது மறந்துவிட்டது. இப்போது நினைவு வருகிறது.

பதர் நம் கதிரிலேயே விளைவது. நெல்லாகியிருக்க வேண்டியது, பால் பிடிக்காமல் போனது. ஸ்பேம் அப்படியா? அது நம் பதிவைப் படித்து, பதில் எழுத வந்து, சொல்லத் தெரியாமல் போன வாசகர் இல்லையே. வெளியிலிருந்து ஒரு நிரல் வந்து கொட்டுவது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மின்னஞ்சலில் வருவது நம்மைப் படிக்கவைக்கப் பார்க்கும். பின்னூட்டத்தில் வருவதற்கு நாமும் வேண்டாம், நம் வாசகரும் வேண்டாம். தேடுபொறி கண்ணில் ஒரு தொடுப்பு பட்டால் போதும். அதனால்தான் 2005 ஜனவரியில் கூகுள் 'நோஃபாலோ' பண்பைக் கொண்டுவந்தது: பின்னூட்டத்துத் தொடுப்புகளுக்குத் தரவரிசையில் மதிப்புத் தர மாட்டோம் என்று. அதற்குப் பிறகும் வரத்து நிற்கவில்லை. அனுப்புகிறவருக்குச் செலவே இல்லை, பிறகு ஏன் நிறுத்துவார்? அதே ஆண்டு அகிஸ்மெட் என்ற ஸ்பேம் வடிகட்டி வந்த பிறகுதான் என்னைப் போன்றவர்கள் இரவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிப்பது குறைந்தது.

ஆக, இது அடுத்தவர் மரத்தில் வேரூன்றிச் சாறு குடிக்கிற வகை. புல்லுருவி என்று சொன்னால் என்ன?

செ. எழுதியது:

'புல்லுருவியாகக் குறி'. கைபேசியில் மூன்று வரி.

இரா. எழுதியது:

இரண்டு வரி. சோதித்தேன். ஆனாலும் நீளம்தான், அக்கா.

ந. எழுதியது:

ம. அம்மையாரின் வேளாண் நுணுக்கத்தை ஏற்கிறேன். ஆனால் பதடி என்று வைத்தால் பிற சொற்களும் தாமே அணிவகுக்கும் என்பதைப் பாருங்கள். பதரைப் பிரிப்பது தூற்றுதல். எனவே வடிகட்டி என்ற ஒட்டாத சொல்லை விட்டு 'தூற்றி' எனலாம். வடிகட்டுவது நீர்மத்தை அல்லவா? தப்பிப் பிழைத்த நல்ல பின்னூட்டம் 'மணி'. வடிகட்டி எழுதுவோர் ஸ்பேம் அல்லாததை ஹாம் என்பதாகத் தம்பி செ. முன்பொரு முறை எழுதியிருந்தார். அவர்களுடையது வெறும் எதுகை. நம்முடையது உழவு.

ம. எழுதியது:

ஐயா, அடுத்த மாதம் பதிவர் மாநாடு ஒன்றில் பின்னூட்ட மேலாண்மை பற்றி எனக்கு நாற்பது நிமிட அமர்வு. மேடையேறி 'நாள்தோறும் உங்கள் வாசகர்களின் பின்னூட்டங்களைத் தூற்றுங்கள்' என்று சொன்னால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். மீதிப் பேர் அதை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவர்கள்.

'மணி' வேண்டவே வேண்டாம். அதே திரையில் அறிவிப்புக்கு மணிப் படம் இருக்கிறது.

தி. எழுதியது:

சொல் எதுவானாலும் ஆகட்டும். 'ஸ்பேம் இல்லை' என்று இரா. எழுதியிருப்பதை முதலில் திருத்த வேண்டும். 'இல்லை' இன்மையைச் சொல்வது. ஒன்று மற்றொன்றாகாது என்பதற்கு அன்று, அல்ல. ஒருமைக்கு அன்று, பன்மைக்கு அல்ல. தனிப் பின்னூட்டத்தின் கீழ் '… அன்று' என்றும், பலவற்றைத் தேர்ந்து ஒரே சொடுக்கில் மீட்கும் பட்டியலில் '… அல்ல' என்றும் வர வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சரம்தான், நாமும் அப்படியே இருக்கத் தேவையில்லை.

மேலே ந. அவர்களே 'பயனில்சொல் அல்லாமல்' என்று எழுதியது வேறு அமைப்பு, அது சரி. முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.

இரா. எழுதியது:

தி. ஐயா, அது இரண்டு தனிச் சரமாகவே இருக்கிறது. செய்துவிடுகிறேன். சொல்?

செ. எழுதியது:

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன், எனக்கே 'களை' பிடித்திருக்கிறது. வெளியிலிருந்து வந்து முளைப்பது (ம. அக்காவின் நிபந்தனை), இரண்டே எழுத்து (இரா.வின் நிபந்தனை), குறள் 550-இல் பைங்கூழுக்கு, அதாவது பசும்பயிருக்கு, களை கட்டல் இருக்கிறது (ந. ஐயாவுக்காகத் தேடினேன்). பெயராகவும் நிற்கும், ஏவலாகவும் நிற்கும். பொத்தானில் 'களை' என்று போட்டால் 'இது களை', 'இதைக் களை' இரண்டும் ஒன்றாகிவிடும்.

தி. எழுதியது:

அங்கேதான் சிக்கல். மேலே தலைப்பில் 'களை (14)' என்று இருந்தால் பதினான்கு களைகள் உள்ளனவா, பதினான்கையும் நீக்கச் சொல்கிறதா?

ம. எழுதியது:

'உங்கள் பின்னூட்டப் பகுதி களைகட்டியிருக்கிறது' என்று பாராட்டுச் செய்தி வரும், பார்த்துக்கொள்ளுங்கள். முகத்தில் களை, உடம்பில் களை. ஒரு சொல் எத்தனை சுமக்கும்?

இதற்கிடையே உண்மையான தொல்லை ஒன்று. 'அருமையான பதிவு, தொடருங்கள்' என்று நிரல் எழுதுகிறது. என் பழைய வாசகர்களும் அதையேதான் எழுதுகிறார்கள். 'மீ த ஃபர்ஸ்ட்டு' (முதல் பின்னூட்டம் என்னுடையது) காலத்திலிருந்தே நம் பின்னூட்ட மரபு அப்படி. வடிகட்டி இருவரையும் ஒரே இடத்தில் தள்ளுகிறது. பெயரில் விற்பனைத் தளத்தின் முகவரி தொங்கினால்தான் எனக்கே தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தைப் படிவத்தில் வைத்து, அதை நிரப்புகிறவர் மனிதர் அல்லர் என்று பிடிக்கிறேன். அது ஓரளவு உதவுகிறது. அந்தக் கட்டத்துக்கும் ஒரு பெயர் வேண்டும், ஆனால் இந்த வாரம் வேண்டாம்.

தி. எழுதியது:

'அல்லர்' சரி.

ந. எழுதியது:

'எரிதம்' பற்றி யாரும் பேசவில்லையே. அது எங்கிருந்து வந்தது? எரி என்றால் தீ, எரிச்சல். 'தம்' என்ன விகுதி? எரிச்சல் தருவதால் எரிதம் என்றால், என் வீட்டுத் தொலைபேசியும் எரிதம்தான். எறி என்று வல்லின றகரம் இட்டு எறிதம் என்றிருந்தால் கண்டபடி எறியப்படுவது, எடுத்து எறியப்பட வேண்டியது என்று இரு வகையிலும் பொருள் கொள்ளலாம். இடையின ரகரத்தில் அந்த வாய்ப்பும் போய்விட்டது.

செ. எழுதியது:

விகுதி தெரியாது, ஐயா. ஆனால் அது ஏற்கெனவே புழங்குகிறது. தேடினால் கிடைக்கிறது. வேறு பொருளில் எங்கும் இல்லை. கலைச்சொல்லுக்கு அதுவே பெரிய தகுதி. முதல் நாள் புரியாது, மூன்றாம் நாள் பழகிவிடும். 'பின்னூட்டம்' என்பதையே முதலில் கேட்டபோது தாவரத்துக்கு இடும் உரம் என்று நினைத்தேன்.

இரா. எழுதியது:

வியாழன் இரவு பதினொன்றரை. இதுவரை வந்தவற்றை எண்ணினேன், தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்து. எரிதம் 6, பதர் 4, ஸ்பேம் 3, களை 2, பதடி 1. (பதர் கேட்ட நால்வரும் பதடியை ஏற்க மறுத்துவிட்டார்கள். படித்தவர்க்கு மட்டும் புரியும் என்கிறார்கள். ந. ஐயா பதரை ஏற்க மறுத்துவிட்டார்.) எரிதமே இருக்கட்டும். வடிகட்டி வடிகட்டியாகவே இருக்கும். 62 சரங்களையும் மாற்றி ஏற்றிவிட்டேன்.

ம. எழுதியது:

நன்றி, தம்பி. என் அமர்வில் 'எரிதம், அதாவது ஸ்பேம்' என்று முதல் படவில்லையில் ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடர்கிறேன்.

ந. எழுதியது:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன். என் மாணவர்களுக்குப் பதடி என்றே சொல்லிக்கொடுப்பேன்.

இரா. எழுதியது:

குழுவினரே, ஒரு பிழை. தூக்கக் கலக்கத்தில் 9 இடங்களில் 'எறிதம்' என்று தட்டியிருக்கிறேன். பூட்டிவிட்டார்கள். அடுத்த வெளியீட்டில்தான் திருத்த முடியும். மன்னிக்கவும்.

ந. எழுதியது:

திருத்த வேண்டாம், தம்பி. பிழை உங்களுடையது அல்ல.

தி. எழுதியது:

அன்று.