சதுரத் துளைச் சீனக் காசு, எழுத்து தேய்ந்துவிட்டது: எந்தக் காலம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி
மெட்டல் டிடெக்டரில் ஒரே குழியில் மூன்று காசுகள் கிடைத்தன.
முதலாவது: 22 மி.மீ., 2.9 கிராம், மஞ்சள் சாயல். பின்பக்கம் துளைக்கு இருபுறமும் செங்குத்தாக ஏதோ கோடு.
இரண்டாவது: 24 மி.மீ., 3.4 கிராம், பின்பக்கம் வழவழவென்று வெறுமை.
மூன்றாவது: 23 மி.மீ., மிக மெல்லிசு.
மூன்றிலும் பச்சைக் களிம்பு. எந்தப் பக்கம் மேலே என்றே புரியவில்லை. வினிகரில் ஊறவைத்தால் எழுத்து தெரியுமா?

பதில் 1
வினிகர், எலுமிச்சை, கம்பி பிரஷ் மூன்றுமே வேண்டாம். தேய்ந்த காசில் எழுத்தின் வடிவம் பல நேரம் அந்தக் களிம்புப் படலத்தில்தான் மிஞ்சியிருக்கும். அமிலம் அதைக் கரைத்துவிட்டால் அடியில் குழிவிழுந்த செந்நிற உலோகம்தான் மிச்சம். திரும்ப வராது.

டிஸ்டில்டு வாட்டரில் ஒரு வாரம் போடுங்கள், தினமும் நீரை மாற்றுங்கள். பிறகு ஈரம் காயும் முன் மூங்கில் பல்குச்சியால், உருப்பெருக்கியில் பார்த்துக்கொண்டே மண்ணை மட்டும் நெம்புங்கள். களிம்பைத் தொடாதீர்கள்.

காய்ந்ததும் அறையை இருட்டாக்கி, டார்ச்சை மேசையோடு படுக்கவைத்துப் பக்கவாட்டில் ஒளி அடியுங்கள். காசைக் கால் வட்டமாகத் திருப்பி நான்கு படம் எடுங்கள். நேர் ஒளியில் வெறுமையாகத் தெரியும் காசில்கூட நிழல் எழுத்தைக் காட்டிக்கொடுக்கும்.

பதில் 2
மேல் கீழ் தெரிய "பாவ்" (செல்வம், பணம் என்று பொருள்) என்ற எழுத்தைத் தேடுங்கள். உச்சியில் கூரை, அடியில் இரண்டு சின்னக் கால்கள். அது ஏறக்குறைய எப்போதும் துளைக்கு இடப்புறம்தான் இருக்கும். அதை இடப்பக்கம் வைத்தாலே காசு நேராகிவிடும்.

அடுத்து வலப்புறம். இடது ஓரமாக இறங்கி, அடியில் வலப்பக்கம் நீளும் படகு போன்ற கோடு இருந்தால் அது "துங்". அப்போது மேல், கீழ், வலம், இடம் என்று படிக்க வேண்டும். ஆட்சிப் பெயர், அதாவது பேரரசரின் ஆட்சிக் காலத்துக்கு இட்ட பெயர், மேலும் கீழும்தான் இருக்கும். படகு வலத்தில் இல்லாவிட்டால் மேலிருந்து கடிகாரச் சுற்றில் படிக்கும் காசாக இருக்கலாம். சீனாவின் சொங் வம்சக் காலத்தில் (960–1279) அந்த வகை ஏராளம்.

உங்கள் முதல் காசின் பின்பக்கக் கோடுகள் மஞ்சூ எழுத்தாக இருக்கும், ஆகவே சீனாவை ஆண்ட மஞ்சூ இனத்தாரின் சிங் வம்சக் காலம். இடப்புறம் "பூ", வலப்புறம் நாணயச்சாலையின் பெயர். மேல் எழுத்தில் என்ன மிஞ்சியிருக்கிறது?

கேட்டவர்
பக்க ஒளியில் பார்த்தேன். முதல் காசில் வலப்புறம் படகு இருக்கிறது, மேலேயும் அதே படகு! கீழ் எழுத்தில் உச்சியில் மூன்று சிறு கோடுகள், அடியில் இரண்டு கால்கள்.

பதில் 2
அப்படியென்றால் தாவ்குவாங் என்ற ஆட்சிப் பெயர், 1821–1850. படகு இருமுறை வருவது அதன் அடையாளம். கீழே நீங்கள் பார்த்தது "குவாங்". அதே எழுத்து மேலே இருந்தால் குவாங்ஷூ (1875–1908). ஒரே எழுத்து இடம் மாறினால் அரை நூற்றாண்டு மாறிவிடும். இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

பதில் 3
இரண்டாவதை உடனே சொங் என்று முடிவு செய்யாதீர்கள். ஜப்பானின் கான்எய் என்ற ஆட்சிப் பெயர் பொறித்த காசும் (1636 முதல்) அதே அளவு, பின்பக்கமும் பெரும்பாலும் வெறுமை. கூரை இடப்புறம் மட்டுமா, மேல் எழுத்திலும் உண்டா என்று பாருங்கள். இரண்டிலும் கூரை, வலப்புறம் படகு என்றால் கான்எய்யாக இருக்கலாம்.

மூன்றாவது மெல்லிசு என்பதால் வியட்நாமியக் காசா என்று சோதியுங்கள். அங்கே கான் ஹுங் ஆட்சிக் காசுகள் (1740–1786) அதிகம். சாம்பல் நிறத்தில் நொறுங்கினால் துத்தநாகம். அதை நீரில்கூட ஊறவைக்காதீர்கள்.

இரண்டாவது சொங் காசாகவே இருந்தாலும், அவை பல நூற்றாண்டு கைமாறியவை. மூன்றும் ஒன்றாக விழுந்தவை என்றால், 1821க்கு முன் விழுந்திருக்க வாய்ப்பில்லை.

இன்னொன்று: துடைத்த இடத்தில் வெளிர்பச்சைப் பொடி மறுபடி மறுபடி பூத்தால் அது வெண்கல நோய். உப்பின் குளோரைடும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரிக்கும். அந்தக் காசை மட்டும் தனியே பிரித்து, சிலிக்கா ஜெல்லுடன் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.