புது பிசி: நொடியில் 95 டிகிரி, நடுவில் ரீஸ்டார்ட். கூலரா, ரேமா?

புதிதாக அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். எட்டு கோர் பிராசசர், ஏர் கூலர், 16 ஜிபி டிடிஆர்5 ரேம் இரண்டு. சும்மா இருக்கும்போது 45 டிகிரி. சினிபெஞ்ச் (பிராசசரை முழு வேலை வாங்கும் சோதனை மென்பொருள்) ஓட்டினால் இரண்டே நொடியில் 95. இவ்வளவு சடாரென்று ஏறுவதால் ஹீட்சிங்க் (கூலரின் உலோகப் பகுதி) பிராசசர் மேல் சரியாக உட்காரவில்லையோ என்று சந்தேகம். கழற்றிப் பார்த்தால் இடையில் தடவிய தெர்மல் பேஸ்ட் ஒரு ஓரத்தில் மட்டும் தடிமனாக இருக்கிறது. கூலரின் அடி ஸ்டிக்கர் உரித்தாயிற்று, ஸ்குரூக்களைக் குறுக்கு மூலையாகச் சமமாக முறுக்கியும் அதே கதை. கூலரை மாட்டும் பிராக்கெட்டின் ஸ்பேசர் (இடைவெளித் துண்டு) மாறியிருக்குமோ?

ரீஸ்டார்ட் வேறு பிரச்சினை போலிருக்கிறது; 60 டிகிரியிலும் ஆகிறது. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 (முறையாக ஷட்டவுன் ஆகாமல் ரீஸ்டார்ட் ஆனது என்ற பதிவு) மட்டும். அது காரணம் சொல்லாது. ரேம் வேகம் 6000 எம்டி/நொடியில் (நொடிக்கு 6000 மில்லியன் டிரான்ஸ்ஃபர்) வைத்தால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிழை காட்டுகிறது; 4800இல் சுத்தம். தனித்தனியாகப் போட்டால் இரண்டு ரேமும் 6000இல் பாஸ். முதலில் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டா, இல்லை ரேம் வேகத்தை 5600க்கு இறக்கலாமா? இதே மாதிரி பார்த்தவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.