சுதந்திர குவேக்கர்கள்: உங்களுக்கு நேர்ந்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

கேம்டன்காரன்:
பிலடெல்ஃபியாவில் ஆர்ச் தெருவும் ஐந்தாம் தெருவும் சேரும் முனையில் இருக்கும் செங்கல் கட்டடத்தை இங்கே பலரும் பார்த்திருப்பீர்கள். அதனால் கதையைச் சுருக்கிவிடுகிறேன். அமெரிக்கப் புரட்சியில் பிரிட்டனுக்கு எதிராக வாஷிங்டன் பக்கம் சேர்ந்து துப்பாக்கி தூக்கியவர்களையும், புரட்சி அரசுக்கு விசுவாச உறுதி கொடுத்தவர்களையும், போரே கூடாது என்னும் கிறிஸ்தவப் பிரிவான குவேக்கர் சபை நீக்கியது. அப்படி நீக்கப்பட்டவர்கள் 1781இல் சாமுவேல் வெதரில் தலைமையில் தனிச்சபை வைத்தார்கள். அவர்கள்தான் சுதந்திர குவேக்கர்கள், அந்தக் கட்டடம் அவர்களுடைய கூடம்.

என்னை விடாமல் அரிப்பது வேறு. ஒரு ஞாயிறு, பக்கத்தில் நாலாம் தெரு முனையில் இருக்கும் பழைய சபையின் கூடத்துக்குப் போனேன். பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது, ஒரு மணி நேரம் எல்லோரும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தோம். முடிந்ததும் காபி மேசையருகே ஒரு பெரியவரிடம் இந்தப் பிரிந்தவர்களைப் பற்றிக் கேட்டேன். "தவறு செய்தோம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் போதும், சேர்த்துக்கொண்டிருப்போம்" என்றார். போன வாரம் கமிட்டியில் பேசி முடித்த விஷயம் போலச் சொன்னார். கையில் பிஸ்கட்.

அவர்கள் கேட்டது என்ன? கூடத்திலும் இடுகாட்டிலும் தங்களுக்கும் பங்கு. அப்பா அம்மாவைப் புதைத்த மண் அது. சபை மறுத்தது. சட்டசபைக்கு மனு போட்டும் பலிக்கவில்லை. கடைசியில் தாங்களே பணம் திரட்டித் தனிக் கூடம் கட்டிக்கொண்டார்கள். அந்தத் தாளை எழுதியிருக்கலாமா, கூடாதா? எனக்கு இன்னும் தெளிவில்லை.

பழையகணக்கு:
உருக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லோரையும் போருக்காக நீக்கினார்கள் என்பது சரியில்லை அண்ணா. பிறகு சுதந்திர குவேக்கராகச் சேர்ந்த திமோதி மேட்லாக்கை 1765லேயே நீக்கிவிட்டார்கள். கடன், சேவல் சண்டை, குதிரைப் பந்தயம் என்று ஆள் ஒரு மாதிரி. முதல் அமெரிக்கக் கொடியைத் தைத்ததாகச் சொல்லப்படும் பெட்ஸி ராஸும் அந்தச் சபையில் சேர்ந்தவர்தான், 1773இல் சபைக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்டதால் போனவர். புரட்சி வந்தபோது இவர்கள் ஏற்கெனவே வெளியேதான் நின்றார்கள்.

என் அனுபவம் சின்னது. வாஷிங்டன் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் சுதந்திரப் பிரகடனத்தைக் குனிந்து பார்த்தேன். மை வெளிறிப்போய் ஏறக்குறைய வெறும் தோல். அதை எழுதிய கை மேட்லாக்குடையது என்பதுதான் பொதுக் கருத்து. அவர் இடுப்பில் வாளோடு நடந்துபோனபோது, எதற்கு இது என்று ஒரு குவேக்கர் கேட்டாராம். "என் சொத்தையும் சுதந்திரத்தையும் காப்பாற்ற." "சொத்து உனக்கு இல்லை என்று ஊருக்கே தெரியும். சுதந்திரமோ, கடன் சிறையிலிருந்து உன்னை மீட்டவர் கொடுத்தது" என்று பதில் வந்ததாம். வழிவழியாகச் சொல்லும் கதைதான். ஆனால் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று நான் தனியாகச் சிரித்ததை ஒரு காவலர் முறைத்துப் பார்த்தார்.

ஹோப்வெல்:
இரண்டு பேரும் ஒரு பக்கத்தை மட்டுமே பேசுகிறீர்கள். சண்டைக்குப் போகாதவர்களுக்கு என்ன நடந்தது? 1777 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை நெருங்கியபோது, எதிரிப் பக்கம் சாய்வார்கள் என்று சந்தேகித்து, பெரும்பாலும் குவேக்கர்களாக இருந்த இருபது பேரை வழக்கும் இல்லை விசாரணையும் இல்லை, வண்டியில் ஏற்றி வர்ஜீனியாவின் வின்செஸ்டருக்கு நாடு கடத்தினார்கள். தாமஸ் கில்பின், ஜான் ஹன்ட் இருவரும் அங்கேயே செத்தார்கள். மற்றவர்கள் ஏப்ரலில்தான் வீடு திரும்பினார்கள்.

வின்செஸ்டருக்கு வடக்கே கிளியர் புரூக்கில் ஹோப்வெல் என்ற குவேக்கர் கூடம் இருக்கிறது, 1759இல் கட்டிய கல் கட்டடம். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஒரு அம்மாள் அந்தக் கைதிகளைப் பற்றிச் சொல்லிவிட்டு, "ஆணையில் செயலாளர் என்று கையெழுத்துப் போட்டது யார் தெரியுமா?" என்று கேட்டார். அப்போது பென்சில்வேனியாவை ஆண்ட நிர்வாகக் குழுவின் செயலாளர் மேட்லாக். உங்கள் சேவல் சண்டைக்காரர்தான்! நீக்கிய சபையின் பெரியவர்களையே ஊரைவிட்டு அனுப்பும் ஆணையில் அவர் பெயர். இதைத் தெரிந்துகொண்டு இடுகாட்டில் பங்கு கேட்ட மனுவைப் படித்தால் கண்ணீர் வராது.

வழிகாட்டி2:
அந்த முனையில் நானும் நின்றிருக்கிறேன், மழை, கதவு பூட்டியிருந்தது, அவ்வளவுதான். போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்கிறேன். காரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், பார்க்கிங் காசில் இரண்டு வேளை சாப்பிடலாம். ரயிலில் வந்து ஐந்தாம் தெரு நிலையத்தில் இறங்கி வடக்கே நடந்தால் ஆர்ச் தெரு வந்துவிடும். கட்டடம் தேசியப் பூங்காவின் கையில் இருக்கிறது, எப்போதும் திறந்திருக்காது, விசாரித்துவிட்டுப் போங்கள். மேலே சுவரில் கல்வெட்டு உண்டு, 1783 என்று போட்டிருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, அது முதலில் இருந்த இடத்தில் இல்லை. 1961இல் தெருவை அகலப்படுத்த மொத்தக் கட்டடத்தையும் மேற்கே நகர்த்தி வைத்தார்கள். எதிரே கிறைஸ்ட் சர்ச் இடுகாட்டில் பிராங்க்ளின் கல்லறை, காசு வீசுகிறவர்கள் வீசுங்கள், எனக்கு அது பிடிக்காது. குழந்தைகளோடு போனால் முதலில் பெட்ஸி ராஸ் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுங்கள், இல்லாவிட்டால் கல்வெட்டு படிக்க விடமாட்டார்கள். தண்ணீர் பாட்டில் அவசியம்.

கேம்டன்காரன்:
பார்க்கிங் யார் கேட்டார்கள்?! ஹோப்வெல், மேட்லாக் ஒருத்தர். வெதரில் வேறு ஆள். தங்கள் சபையில் எக்காரணத்துக்கும் யாரையும் நீக்குவதில்லை என்று விதி வைத்தார்கள், அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நூல்கண்டு:
நீக்குவதில்லை என்று விதி வைத்தும் ஆள் நிற்கவில்லையே. போர் முடிந்ததும் கூட்டம் கரைந்தது. 1834இல் கூடத்தை மூடும்போது மிஞ்சியவர்களில் ஒருவர் பெட்ஸி ராஸ், இன்னொருவர் வெதரில் வீட்டுப் பிள்ளை. இரண்டு வருடத்தில் பெட்ஸியும் போய்விட்டார்.

பெட்ஸி வீட்டு முற்றத்துக் கல்லறையில் நான் நின்றபோது, எலும்பு நிஜமாக அவருடையதுதானா என்று ஒருவர் வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டார். முதலில் சுதந்திர குவேக்கர் இடுகாடு, பிறகு மவுண்ட் மொரையா இடுகாடு, 1975இல் இங்கே என்று மூன்று இடம் மாறியிருக்கிறது, கடைசியில் தோண்டியபோது கல்லுக்கு நேர் கீழே எதுவும் இல்லை, அதே குடும்ப இடத்தில் வேறிடத்தில் கிடைத்ததைக் கொண்டுவந்தார்கள் என்றார் அவர். கேட்டவர் விடவில்லை. "அப்படியானால் இது யார்?" அந்தப் பெண் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த குழுவைக் கூப்பிடப் போய்விட்டார்.

பழையகணக்கு:
டிஎன்ஏ பார்க்கலாமே, வாரிசுகள் இருக்கிறார்களே?