2012 மாடல் காரில் பம்ப் போய்விட்டது: இ20 பெட்ரோல்தான் காரணமா?

தென்பெண்ணைக்கரை
கடலூர் பெரியகங்கணாங்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். என்னுடையது 2012 மாடல் பெட்ரோல் கார், 88,000 கி.மீ. ஓடியது. முள்ளோடை தாண்டினால் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்பதால் வாங்கிய நாளிலிருந்து புதுச்சேரி பக்கம்தான் பெட்ரோல் போடுகிறேன். போன மாதம் மஞ்சக்குப்பத்தில் நடுரோட்டில் வண்டி நின்றுவிட்டது. டேங்குக்குள் இருக்கும் பம்ப் போச்சு. பம்ப், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய். பட்டறையில் சொன்ன காரணம் ஒரே வார்த்தை: "எத்தனால் சார்."

2019இல் லிட்டருக்கு 17 கி.மீ. கிடைத்தது. இப்போது 15.5. 20 சதவீதம் எத்தனால் கலந்த இந்த இ20 பெட்ரோலைத் தாங்கும் பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கியதே 2023 ஏப்ரலில்தான். அதற்கு முன் வாங்கியவர்களை யார் கேட்டார்கள்? இ20 பழைய வண்டியைக் கெடுக்கிறது என்றே நான் சொல்வேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுங்கள்.

வில்லியனூர் பட்டறை
நீங்கள் சொல்வது சரி சார். இருபத்திரண்டு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். பெட்ரோல் ஓஸ், இன்ஜெக்டர் ஓ-ரிங் இதெல்லாம் முன்பும் போகும், ஆனால் போகும் விதம் வேறு. வயதாகிப் போன ரப்பர் காய்ந்து விறைத்து வெடிக்கும். இப்போது கழற்றினால் ஊதிப்போய் கொழகொழவென்று வருகிறது. ஓ-ரிங் அதன் பள்ளத்தில் திரும்ப உட்காரவே மாட்டேன் என்கிறது. கார்புரேட்டர் பைக்கை இரண்டு வாரம் ஓட்டாமல் விட்டால் கிண்ணத்தில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. இதெல்லாம் கண்ணால் பார்ப்பது.

லாஸ்பேட்டை டீச்சர்
கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். பட்டறை அண்ணா சொல்லும் ரப்பர் விஷயத்தை மறுக்கவில்லை, அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் மைலேஜ் கணக்கு.

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது, எத்தனாலில் 21 சொச்சம். 2019இல் நாட்டில் சராசரி கலப்பு 5 சதவீதம் அளவில் இருந்தது. அதிலிருந்து 20க்குப் போனால் லிட்டருக்கு 5 சதவீத ஆற்றல் குறையும். உங்கள் 17, 16.1 ஆக வேண்டும். நீங்கள் சொல்வது 15.5. மீதி 0.6 எங்கே போனது? டயர் காற்று, ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், பதிமூன்று வருடத் தேய்மானம் என்று பல இடத்தில் தேட வேண்டும். எல்லாவற்றையும் எத்தனால் தலையில் கட்டினால் உண்மையான கோளாறு வண்டிக்குள்ளேயே இருந்துவிடும்.

தென்பெண்ணைக்கரை
டீச்சர், 5 சதவீதம் என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையும் எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10க்கு ட்யூன் செய்த கார்களில் 6-7 சதவீதம் குறையும் என்றுதான் சொல்கிறது. அந்த நஷ்டத்துக்கு விலையில் ஒரு பைசா குறைத்தார்களா? மக்காச்சோள எத்தனாலுக்கு எண்ணெய் நிறுவனங்கள் லிட்டருக்கு 71.86 ரூபாய் கொடுக்கின்றன. ஆற்றல் குறைவான சரக்கை அதே விலைக்கு நாங்கள் வாங்குகிறோம்.

இன்னொன்று, நாங்கள் இருப்பது கடலோரம். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். இந்த உப்புக்காற்றில் டேங்க் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்?

கரும்புக்காரன்
நெல்லிக்குப்பம் பக்கம் நாலு ஏக்கர் கரும்பு. தம்பி, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் எத்தனாலை விஷம் மாதிரி பேசாதீர்கள். சர்க்கரை விலை படுத்த வருடங்களில் வெட்டின கரும்புக்கு ஒரு வருடம் கழித்துப் பணம் வாங்கியவன் நான். ஆலைக்கு எத்தனாலில் காசு வந்தால்தான் எங்களுக்குப் பட்டுவாடா. வேப்பூர், திட்டக்குடி பக்கம் மக்காச்சோளம் போடுகிறவர்களுக்கும் இப்போது ஒரு போக்கிடம் இருக்கிறது. என் பைக் 2014 மாடல், கார்புரேட்டர். தினமும் வயலுக்கு ஓட்டுகிறேன், ஒரு தொந்தரவும் இல்லை. பிரேசிலில் 1975லிருந்து இந்தத் திட்டம் நடக்கிறது. 2025 ஆகஸ்டில் 27இலிருந்து 30 சதவீதத்துக்கு ஏற்றியிருக்கிறார்கள். அங்கே வண்டி ஓடவில்லையா?

வில்லியனூர் பட்டறை
ஐயா, பிரேசிலில் அதற்கென்றே செய்த வண்டி ஓடுகிறது. 2003லிருந்து எந்தக் கலப்பையும் தாங்குகிற ஃப்ளெக்ஸ் வண்டிகள் விற்கிறார்கள். இங்கே 2012இல் செய்த வண்டிக்கு 2025இன் பெட்ரோலை ஊற்றுகிறோம். உங்கள் பைக் தினமும் ஓடுவதால் தப்பிக்கிறது. ஒரு மாதம் கொட்டகையில் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

டீச்சர், என்னிடம் வருகிறவர்கள் ஒரு வீடியோவைக் காட்டுகிறார்கள். பெட்ரோலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் அடியில் தண்ணீர் கூடிவிடுகிறது. பங்க்கில் தண்ணீர் கலக்கிறார்கள் என்கிறார்கள். அது நிஜமா?

லாஸ்பேட்டை டீச்சர்
அது கலப்படம் இல்லை அண்ணா. 100 மி.லி. இ20 பெட்ரோலில் 10 மி.லி. தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால், அதிலுள்ள 20 மி.லி. எத்தனாலும் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு இறங்கிவிடும். அடியில் 30 மி.லி. அளவுக்குத் தெரிவது அதனால்தான்.

இப்போது கடலோர ஈரம். இ10 பெட்ரோலே ஏறக்குறைய 0.5 சதவீதம் வரை தண்ணீரைத் தன்னுள் வைத்துக்கொள்ளும், இ20 இன்னும் கூடுதலாக. 40 லிட்டர் டேங்குக்கு அது 200 மி.லி., ஒரு டம்ளர் தண்ணீர். அதற்கு மேல் போனால்தான் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். உங்கள் டேங்க் முழுக்கக் காலியாக இருந்தாலும் உள்ளே நிற்கும் காற்றில் 1.2 கிராம்தான் இருக்கும். வெப்பம் ஏறி இறங்கும்போது டேங்க் மூச்சு விட்டு இழுப்பது அதிலும் ஒரு பங்கு. ஒரு டம்ளர் சேர எத்தனை மாதம் ஆகும் என்று பாருங்கள். ஓடும் வண்டியில் அதற்குள் நாலைந்து தடவை டேங்க் காலியாகி நிரம்பிவிடும். ஆகவே கடல் காற்று என்ற காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். உங்கள் ஊர் 2024 டிசம்பரில் முழுகியதே, அப்போது கார் எங்கே நின்றது?

தென்பெண்ணைக்கரை
வீட்டு வாசலில்தான். ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை ஏறி வந்தபோது இரண்டு நாள் கதவின் பாதி வரை தண்ணீர். பிறகு எஞ்சின் ஆயிலும் ஏர் ஃபில்டரும் மாற்றினார்கள். டேங்கைக் கழற்றவில்லை. மூன்று நாள் மிஸ்ஸிங் அடித்தது, அப்புறம் சரியாகிவிட்டது. அதற்கும் இதற்கும் எட்டு மாதம் இடைவெளி இருக்கிறதே.

லாஸ்பேட்டை டீச்சர்
மூன்று நாள் மிஸ்ஸிங் என்றால் டேங்கில் வெள்ளத் தண்ணீர் போயிருக்கிறது. இரும்பு டேங்க் என்றால் துரு அன்றைக்கே தொடங்கியிருக்கும். பம்ப் அந்தத் துரு மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. தயவுசெய்து டேங்கை இறக்கிப் பாருங்கள். புது பம்ப்பும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

வில்லியனூர் பட்டறை
டீச்சர் சொல்வது நியாயம். ஆனால் அந்தத் துருவைக் கிளப்பிவிட்டதில் எத்தனாலுக்குப் பங்கு உண்டு. பழைய டேங்கில் வருடக்கணக்காக ஒட்டிக் கிடக்கும் அழுக்கை எத்தனால் கரைத்து இழுத்துவரும். அதனால்தான் கலப்பு ஏறிய பிறகு ஃபில்டர் சீக்கிரம் அடைக்கிறது. சார் பழைய ஓஸையும் கழற்றிப் பார்க்கட்டும்.

தென்பெண்ணைக்கரை
ஒன்பது நாள் கழித்து வருகிறேன். டேங்கை இறக்கினோம். அடித்தளம் முழுக்கப் பழுப்புத் துரு, பம்ப்பின் சல்லடையில் நைஸான வண்டல். ஆற்று மண் என்று பார்த்தவுடனே தெரிந்தது. பம்ப் போனதற்கு வெள்ளமே முதல் காரணம். டீச்சர் கேட்காமல் இருந்திருந்தால் புது பம்ப்பையும் இழந்திருப்பேன், நன்றி. துருவைச் சுத்தம் செய்து டேங்குக்குள் பூச்சு கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் டேங்கிலிருந்து ஃபில்டருக்குப் போகும் ஓஸ் பட்டறைக்காரர் சொன்ன மாதிரியேதான் வந்தது. ஊதி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது. அதை வெள்ளம் செய்யவில்லை. கொஞ்சம் விட்டிருந்தால் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டியிருக்கும்.

லாஸ்பேட்டை டீச்சர்
ஓஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரி. பழைய ஓஸ்களில் இருக்கும் நைட்ரைல் ரப்பரில் சில வகைகள், சுத்த பெட்ரோலிலும் சுத்த எத்தனாலிலும் ஊறுவதைவிட இரண்டும் கலந்ததில்தான் அதிகம் ஊதும். ஃப்ளூரோ ரப்பர் தாங்கும். 'எஞ்சினே கெடும்' என்று சொல்லாமல் எந்தப் பாகம், எந்த ரப்பர் என்று பேசலாம் என்பதுதான் என் வாதம்.

தென்பெண்ணைக்கரை
ஏற்கிறேன். ஆனால் அந்த ஓஸ் மாற்றும் செலவு யாருடையது? எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்ற பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. பழைய வண்டிக்காரர்களுக்காக பங்க்கில் இ10க்கு ஒரு குழாய் விட்டிருந்தால் கரும்புக்கார ஐயாவுக்கும் நஷ்டமில்லை, எனக்கும் நஷ்டமில்லை.

கரும்புக்காரன்
அதைக் கேளுங்கள் தம்பி, நானும் கூட நிற்கிறேன். பத்து சதவீதமும் எங்கள் கரும்புதானே. பட்டறைத் தம்பி, என் பைக்குக்கு என்ன மாற்ற வேண்டும்?

வில்லியனூர் பட்டறை
ஐயா, உங்களுடையதற்கு டேங்க் டேப்பிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் ஓஸ், கிண்ணத்தின் ஓ-ரிங், இரண்டும் போதும். பெரிய செலவில்லை. பத்து நாளுக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் டேப்பை மூடி, கிண்ணத்தில் இருப்பதை வடித்துவிடுங்கள்.

கார்க்காரர்கள் ஓஸ் வாங்கும்போது மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று இருக்க வேண்டும். உள்பக்கம் ஃப்ளூரோ ரப்பர் வைத்த ஓஸ் அது. மீட்டர் கணக்கில் அறுத்துக் கொடுக்கும் எழுத்தில்லாத கறுப்பு ஓஸை விலை குறைவு என்று வாங்கிவிடாதீர்கள்.